பச்சை விழுந்த பிறகு

இன்ஜினியரிங் மூன்றாம் செமஸ்டரில் வெப்பச் சமன்பாட்டைப் பதினாறு மார்க்குக்குப் போட்டவன் நான். மாறிகளைப் பிரி, ஃபூரியர் தொடரை எழுது, முடிந்தது. தீர்வு என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவே இல்லை. பத்து வருஷம் கழித்து, வேலை முடிந்த ராத்திரிகளில் லாரன்ஸ் எவான்ஸின் 'பார்ஷியல் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸ்' படிக்க ஆரம்பித்தேன். அங்கே தீர்வு என்ற சொல்லின் பொருளையே மாற்றிவிடுகிறார்கள்.

1955இல் லைட்ஹில்லும் விட்ஹாமும் சாலைப் போக்குவரத்துக்கு ஒரு சமன்பாடு எழுதினார்கள். வண்டிகளை ஒவ்வொன்றாக எண்ணாமல், ஓடும் திரவம் மாதிரி நினைத்து, நெரிசலின் அடர்த்தி எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. ஆரம்பத்தில் அடர்த்தி எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும், முன்னால் நெரிசல் என்றால் பின்னால் வருபவை வந்து சேர்ந்து, ஒரு இடத்தில் அது சட்டென்று குதிக்கும். குதிக்கிற இடத்தில் வகைக்கெழு கிடையாது. அப்புறம் வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு அங்கே என்ன அர்த்தம்?

அதனால் கோரிக்கையைத் தளர்த்துகிறார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் பொருந்த வேண்டாம். எந்த வழவழப்பான டெஸ்ட் ஃபங்ஷனால் பெருக்கித் தொகையிட்டாலும் கணக்கு சரியாக வந்தால் போதும். வீக் சொல்யூஷன் என்று பெயர். (டெஸ்ட் என்ற சொல் என் தொழிலிலும் தினமும் புழங்குவதுதான். அதற்கு வருகிறேன்.) எனக்கு முதலில் இது ஏமாற்று வேலை என்றே பட்டது. ஃபெயில் ஆனவனுக்காகப் பாஸ் மார்க்கைக் குறைக்கிற மாதிரி.

சிக்னலில் சிவப்பு. கோட்டுக்குப் பின்னால் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கின்றன, முன்னால் காலி ரோடு. பச்சை விழுகிறது. ஒரு வண்டியும் நகராமல் அப்படியே நிற்பதும் ஒரு வீக் சொல்யூஷன்தான்! பின்னால் நெரிசல், அதனால் ஓட்டம் பூஜ்யம். முன்னால் வண்டியே இல்லை, அங்கேயும் பூஜ்யம். எந்த டெஸ்டும் இதைப் பிடிக்காது. தளர்த்திய கதவு வழியாக இதுவும் வந்துவிட்டது. 1957இல் பீட்டர் லாக்ஸ் வைத்த நிபந்தனைதான் இதை வெளியே தள்ளுகிறது: குதிப்புக்குள் தகவல் போய் மறையலாம், அங்கிருந்து புதிதாகப் பிறக்கக் கூடாது.

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. சில வருஷம் முன்பு, ரிலீஸுக்கு முந்தின நாள், பில் தொகையைச் சரிபார்க்கும் டெஸ்ட் ஒன்று ஃபெயில் ஆகிக்கொண்டே இருந்தது. பைசா வித்தியாசம். ஒரு ரூபாய்க்குள் என்றால் பரவாயில்லை என்று தளர்த்தினேன். எல்லாம் பச்சை. ஆனால் அந்த வித்தியாசம் எப்போதும் ஒரே பக்கம்தான் சாய்ந்தது, வாடிக்கையாளருக்கு எதிராக. மாதங்கள் கழித்து யாரோ ஒருவர் பில்லைக் கையால் கூட்டிப் பார்த்துப் புகார் செய்தார்.

தளர்த்தியது தப்பென்று இப்போதும் நினைக்கவில்லை. வரியில் ரவுண்டிங் இருக்கும்வரை பைசா பிசகாத சமத்தைக் கேட்பது அசட்டுத்தனம். தளர்த்திய கையோடு, இனி என்னவெல்லாம் பாஸ் ஆகும் என்று கணிதக்காரர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். யார் மாற்றியது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த வரி இன்னும் என் பெயரில்தான் கிடக்கிறது. பக்கத்தில் நான் எழுதிய குறிப்பு: 'டெஸ்ட் சரிசெய்யப்பட்டது.'