பிறந்த நாளும் மலைப் பயணமும்

நண்பரின் பிறந்த நாளென்று சனி, ஞாயிறுகளில் கொல்லிமலை ஏறுகிறார்கள் நம் இளைஞர்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பெரக்கரை நாடு போன்ற மலையூர்களைக் காண்பது ஆகாத காரியமன்று. பூமியில் சுற்றிவந்து படைப்பைச் சிந்திக்கும்படி திருக்குர்ஆனே (29:20) பணிக்கிறது.

ஆனால், எதைக் கொண்டாடுகிறோம்? ஹயாத்தில் ஓராண்டு குறைந்ததையா? திங்கட்கிழமை நோன்பைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அது தாம் பிறந்த நாள் என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். பிறப்புக்கு அவர்கள் செலுத்திய நன்றி, நோன்பு!

தொலைதூரப் பயணிக்குத் தொழுகையைச் சுருக்கச் சலுகையுண்டு, விட்டுவிடச் சலுகையில்லை. ஆகவே, நண்பரை நேசிப்போர் கேக் வெட்டுவதோடு நில்லாமல், மலைக்குளிரிலும் அவரைச் சுப்ஹுத் தொழுகைக்கு எழுப்பட்டும். சாமை விளைவிக்கும் மலைமக்களின் மண்ணில் குப்பையிடாமல் இறங்கட்டும். கழிந்த ஆண்டுக்குத் தவ்பாவும், வரும் ஆண்டுக்குத் துஆவுமே நாம் நண்பருக்குத் தரத்தக்க பரிசு. அல்லாஹ் அருள்வானாக!