சோலைமலைக் குரங்குக்குப் பழம் போடலாமா?

ஓம் சரவணபவ!

லீவு விட்டாச்சுன்னா குழந்தைகளைக் கூட்டிக்கிட்டு ஒரு நாள் பழமுதிர்சோலை போயிட்டு வர்றவங்க நம்மள்ல நிறைய பேர் இருக்கோம். திரும்பி வந்ததும் ஸ்டேட்டஸ்ல போட்டோ வரும். அதுல பாதி கோவில் வாசல்ல குடும்பமா நின்னு எடுத்தது. மீதி பாதி, குழந்தை கை நீட்டிக் குரங்குக்கு வாழைப்பழம் கொடுக்கிறது. அதுக்குக் கீழே நாமளும் "ஜீவகாருண்யம்"னு எழுதி ரெண்டு கும்பிடு போடுவோம். இந்தப் பதிவு அந்த வாழைப்பழத்தைப் பத்தினதுதான்.

போகாதவங்களுக்காக இடத்தைக் கொஞ்சம் சொல்லிடறேன். மதுரையில இருந்து சுமார் 20 கிலோமீட்டர் வடக்கே அழகர்கோவில். கீழே கள்ளழகரையும் பதினெட்டாம்படிக் கருப்பரையும் கும்பிட்டுட்டு, மலைப்பாதையில மூணு நாலு கிலோமீட்டர் ஏறினா நம்ம அப்பன் வள்ளி தெய்வானையோட நிக்கிற ஆறாம் படைவீடு. இன்னும் மேலே போனா நூபுர கங்கையும் ராக்காயி அம்மனும். வழி முழுக்க ரெண்டு பக்கமும் காடு, நிழல், சில்லுனு காத்து. வெயில்ல வெந்து கிடக்கிற மதுரைப் பிள்ளைகளுக்கு அது ஒரு சொர்க்கம். சாமி கும்பிடுறதும் சுத்திப் பார்க்கிறதும் ஒண்ணாவே நடந்துடும். "கோவிலுக்குப் போறோமா, பிக்னிக் போறோமா?"ன்னு சிலர் கோபப்படுவாங்க. எனக்கு அதுல கோபம் இல்ல. மலையும் காடும்தானே அவன் வீடு? பிள்ளைங்க அங்கே ஓடி விளையாடினா குமரனுக்குச் சந்தோஷமாத்தான் இருக்கும்.

போன லீவுல எங்க அக்கா குடும்பத்தோட நானும் போயிருந்தேன். வேனை விட்டு இறங்கின உடனே குரங்குக் கூட்டம். ஒரு பாட்டி கூடையில வாழைப்பழம் வச்சுக்கிட்டு, "வாங்க தம்பி, குரங்குக்குப் போடலாம், புண்ணியம்"னு கூப்பிட்டாங்க. அக்கா, "வேண்டாம், பக்கத்துல போகாதீங்க"ன்னு பிள்ளைங்களைத் தடுத்தா. எட்டு வயசு மருமக என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டா:

"மாமா, கோவில்ல எல்லாருக்கும் அன்னதானம் போடுறாங்கல்ல. குரங்குக்கு மட்டும் ஏன் போடக் கூடாது? அதுக்குப் பசிக்காதா?"

நல்ல கேள்வி. "கடிச்சிரும்"னு சொல்லி வாயை அடைச்சிடலாம்தான். ஆனா கடிக்கிறது நம்ம பயத்துக்குப் பதில், அவ கேட்ட தர்மத்துக்குப் பதில் இல்ல. பசிச்ச உயிருக்குச் சோறு போடுறதுதான் பெரிய அறம்னு நாமதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கோம். வள்ளலார் 1867ல வடலூர்ல தருமசாலை ஆரம்பிச்ச கதையைச் சொல்லியிருக்கோம். இப்ப நாமே "போடாதே"ன்னா பிள்ளை எதை நம்பும்?

முதல்ல, அந்தக் குரங்குக்கு உண்மையிலேயே பசியா?

நம்ம நாட்டுக் குரங்கைப் பக்கத்துல பார்த்திருப்பீங்க. நடு வகிடு எடுத்துச் சீவின மாதிரி தலைமுடி இருக்கும். இந்தியாவோட தெற்குப் பாதியை விட்டா உலகத்துல வேற எந்தக் காட்டுலயும் இயல்பா இல்லாத இனம் அது. அதோட ரெண்டு கன்னத்துக்குள்ளயும் பை மாதிரி இடம் உண்டு. உணவு கிடைச்ச உடனே மென்னு முழுங்காது, கன்னத்துல அடைச்சுக்கிட்டு ஓடிடும். பத்திரமான கிளையில போய் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்துத் தின்னும். காட்டுல அடுத்த பழம் எப்ப கிடைக்கும்னு தெரியாது, பெரிய குரங்கு வந்து பிடுங்கிடும், அதனால வந்த பழக்கம் அது. நாம நீட்டுற பழத்தை அது பரபரன்னு பறிச்சு வாயில திணிக்கிறதைப் பார்த்துட்டு, "ஐயோ பாவம், எவ்வளவு பசி பாருங்க"ன்னு சொல்றோம். அது பசி இல்ல, அதோட வழக்கம்.

அன்னதானப் பந்தியை நினைச்சுப் பாருங்க. பரிமாறுறவர் ஒவ்வொரு இலையாக் குனிஞ்சு, "இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கவா?"ன்னு கேட்பாரு. போதும்னா நாம கையைக் குறுக்கே காட்டுவோம். குரங்கால கையைக் காட்ட முடியாது. கொடுக்கிற அத்தனையும் வாங்கும். சிப்ஸ், பிஸ்கட், கூல்டிரிங்ஸ், பாலித்தீன் கவரோட லட்டு, எல்லாத்தையும். காட்டுல அது பழம், இலை, பூ, பூச்சின்னு நாள் முழுக்கத் தேடித் தேடித் தின்கிற உயிர். அந்தத் தேடல்தான் அதோட வாழ்க்கை. குட்டி அம்மாவைப் பார்த்து எந்த இலை தின்னலாம், எந்தப் பழம் எப்ப பழுக்கும்னு கத்துக்கிறதும் அந்தத் தேடல்லதான். ரோட்டோரத்துல உட்கார்ந்து வேன் எப்ப வரும்னு பார்த்துக்கிட்டு இருக்கிற அம்மாகிட்ட அந்தக் குட்டி என்ன கத்துக்கும்? வேன் எப்ப வரும்னுதான்.

காட்டுக்கும் இதுல ஒரு கணக்கு இருக்கு. குரங்கு தின்னுட்டுப் போற வழியில அங்கங்கே கொட்டையைத் துப்பும், எச்சத்துல விதை விழும். பழமுதிர்சோலைன்னு பேர் வச்சிருக்கோம். பழம் உதிர்ந்தா மட்டும் சோலை ஆகிடாது. அதோட விதையைத் தூக்கிட்டுப் போய் வேற இடத்துல போடவும் ஆள் வேணும். அந்த ஆட்கள்ல ஒருத்தரை நாம ரோட்டோரத்துல கட்டிப் போட்டுட்டோம்.

இன்னொண்ணு. நம்ம வேன் சாயங்காலம் மதுரைக்குத் திரும்பிடும், குரங்கு அங்கேயேதான் இருக்கும். மனுஷன் கையில சோறு இருக்கும்னு பழகினது, ஆள் வராத நாள்ல பக்கத்து வீட்டு ஓட்டைப் பிரிச்சு இறங்கும். தோட்டத்துல புகுந்து கொய்யாவைக் கடிச்சுப் போடும். வீட்டுக்காரர் வெடி போடுவாரு, கவட்டையை எடுப்பாரு. தொல்லை தாங்கலைன்னு புகார் போனா கூண்டு வரும், பிடிச்சு வேற காட்டுல விடுவாங்க. மலைப்பாதையில வண்டி அடிச்சுச் சாகிறதும் உண்டு. புண்ணியக் கணக்கு நம்ம பேர்ல. அடி வாங்கினது குரங்கு, ஓடு உடைஞ்சது ஊர்க்காரருக்கு. இந்தக் கணக்கு எனக்குச் சரியாப் படல.

இப்ப ஒருத்தர் எழுந்து கேட்பாரு. "தம்பி, மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் நம்ம பழனிக்காரன்தானே? கணக்குப் பார்த்தா கொடுத்தான்? அதைத்தானே தமிழன் கொண்டாடுறான்?"

நியாயமான கேள்வி. பேகன் ஆவியர் குடி, அவன் மலையான பொதினிதான் இன்னிக்கு நம்ம பழனி. குளிர்ல நடுங்குதுன்னு நினைச்சு மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்து, கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தனா நின்னவன். மயில் அதைப் போர்த்திக்காதுன்னு தெரிஞ்சும் கொடுத்தான்னு பரணர் புறநானூற்றுல பாடியிருக்காரு. கொடைமடம்னு இதுக்கு ஒரு பேரே இருக்கு. அந்த மனசு எனக்கும் பிடிக்கும். ஆனா ரெண்டு விஷயத்தைக் கவனிக்கணும். ஒண்ணு, அந்தப் போர்வையால மயிலுக்கு எந்தக் கெடுதலும் வந்திருக்காது, அது பாட்டுக்கு மிதிச்சுட்டுப் போயிருக்கும். சிப்ஸ் பாக்கெட் அப்படி இல்ல. ரெண்டாவது விஷயத்தை யாரும் அதிகம் பேசுறதில்ல. அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிஞ்சு இருந்தான் (சிலப்பதிகாரக் கண்ணகி இல்ல, இவங்க வேற). அந்த அம்மா அழுதுக்கிட்டு இருந்ததைப் பார்த்துட்டு, கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார்னு நாலு புலவர்கள் அவன் முன்னாடி நின்னு, எங்களுக்குப் பரிசில் வேண்டாம், நீ போய் அவங்களைப் பாருன்னு பாடினாங்க. மயிலோட நடுக்கம் தெரிஞ்ச கண்ணுக்கு வீட்டுல இருந்த அழுகை தெரியல. புறநானூறு அவன் கொடையையும் பாடுது, இதையும் பாடுது. எதையும் மறைக்கல.

வேன்ல வந்த பிள்ளைங்க எல்லாம் குரங்கைச் சுத்தி நிக்கும்போது, முட்டி வலியோட படியில உட்கார்ந்திருக்கிற நம்ம ஆச்சிக்குத் தண்ணி பாட்டில் நீட்டினது யாருன்னு பார்த்தா இது புரியும். அதை யாரும் போட்டோ எடுக்கிறதில்ல.

சரி, மருமகளுக்கு நான் என்ன சொன்னேன்னு கேட்பீங்க. இவ்வளவு பெரிய பிரசங்கம் எல்லாம் பண்ணல. அங்கே இருக்கிற நாவல் மரத்தைக் காட்டி, ஔவைப் பாட்டி கதையைக் கேட்டேன். அவளுக்கு நல்லாத் தெரியும், ஸ்கூல்ல நாடகம் போட்டிருக்கா. வெயில்ல நடந்து களைச்சு வந்த பாட்டி, மரத்து மேல மாடு மேய்க்கிற பையன், சுட்ட பழம், மண்ணை ஊதினது, எல்லாம் வரிசையாச் சொன்னா. வழக்கமா இந்தக் கதையில பாட்டியோட கல்விச் செருக்கு அடங்கினதைத்தான் சொல்லுவாங்க. எனக்கு ரொம்ப நாளா வேற ஒரு இடம்தான் மனசுல நிக்குது. "பையன் உடனே பழத்தைப் போட்டானா?"ன்னு கேட்டேன். யோசிச்சுட்டு, "இல்ல மாமா, எந்தப் பழம் வேணும்னு கேட்டான்"னா.

அதேதான். உலகத்துக்கே படியளக்கிறவன், பசியோட வந்த கிழவிகிட்டக்கூடக் கேட்டுட்டுத்தான் மரத்தை உலுக்கினான். உதிர்ந்ததும் அந்தக் காட்டு மரத்துப் பழமே, வெளியில இருந்து கொண்டு வந்தது இல்ல.

"குரங்குகிட்ட எப்படிக் கேட்கிறது?"ன்னா அடுத்து. பேச முடியாதவங்ககிட்ட வாயால கேட்க முடியாது, கொஞ்ச நேரம் சும்மா நின்னு பார்த்துத்தான் கேட்கணும்னு சொன்னேன். தள்ளி நின்னு பார்த்தோம். கால் மணி நேரம் இருக்கும். ஒரு தாய்க் குரங்கு குட்டிக்குப் பேன் பார்த்துச்சு. ரெண்டு குட்டி வாலைப் பிடிச்சு இழுத்துச் சண்டை போட்டுச்சு. ஒண்ணு ஏதோ மரத்துல கொழுந்தாப் பார்த்துக் கிள்ளித் தின்னுச்சு. "அதுக்கு வீட்டுலயே சாப்பாடு இருக்கு"ன்னா பொடிசு. அவ தம்பிக்கு மட்டும் கடைசி வரைக்கும் திருப்தி இல்ல. ஒரே ஒரு பழம் போட்டா என்னன்னு வேன் ஏறுற வரைக்கும் அழுதான். நாலு வயசுக்கு அது சரிதான்.

திருமுருகாற்றுப்படையில நக்கீரர் கடைசியாப் பாடுறது பழமுதிர்சோலையைத்தான். அங்கே அருவி இறங்குறதைச் சொல்லும்போது எத்தனை உயிர்கள் வருது தெரியுமா? தண்ணி பட்டு முசுக் குரங்கு குளிர்ல நடுங்குது, மயில் கூட்டம் மிரளுது, காட்டுக் கோழி ஓடுது. யானை, பன்றி, கரடி எல்லாம் இருக்கு. தேன் கூடு சிதையுது, பலாச் சுளை அடிச்சுட்டு வருது. அந்தப் பாட்டுல வர்ற மயிலும் கோழியும் காட்டுல அது பாட்டுக்கு வாழுறதுதான். அவற்றுக்கு யாரும் தீனி போடல. அப்படி இருக்கிற மலையைத்தான் முருகனோட மலைன்னு முடிக்கிறாரு.

"விரட்டினா பாவம் இல்லையா?"ன்னும் கேட்கிறாங்க. வள்ளியம்மா என்ன வேலை பார்த்தாங்க? தினைப்புனத்துல பரண் மேல நின்னு கவண் வீசிக் கிளியை விரட்டினாங்க. ஆலோலம் பாடித்தான். அந்தக் கையைத்தானே நம்ம அப்பன் தேடி வந்து பிடிச்சான்?

எனக்கு இன்னும் தீராத ஒண்ணு இருக்கு, அந்தக் கூடைப் பாட்டி. எல்லாரும் குரங்குக்குப் பழம் வாங்குறதை நிறுத்திட்டா அவங்க அடுப்பு எப்படி எரியும்? காட்டுக்கு நல்லது செய்றேன்னு ஒரு வயசானவங்க பொழப்புல கை வைக்கிறதா? நாங்க அன்னிக்கு ஒரு சீப்பு வாங்கி, பைக்குள்ள வச்சு வேனுக்குள்ள எடுத்துட்டுப் போய் நாங்களே சாப்பிட்டோம். பாட்டி, "குரங்குக்குப் போடலியா?"ன்னு கேட்டாங்க. "எங்களுக்குத்தான் பசி ஆச்சி"ன்னு சொன்னா மருமக. பாட்டி சிரிச்சுட்டு அவளுக்கு ஒரு பழம் சும்மா கொடுத்தாங்க. ஒரு குடும்பம் ஒரு சீப்பு வாங்குறது தீர்வு ஆகாது, தெரியும். வழக்கமாப் போற நீங்க வேற நல்ல யோசனை இருந்தா எழுதுங்க.

போறவங்களுக்குச் சில விஷயம். காலையிலேயே போயிடுங்க, கூட்டம் குறைவு, பிள்ளைங்களுக்கும் வெயில் தெரியாது. பாலித்தீன் கவரைக் கையில தொங்கவிடாதீங்க, சத்தம் கேட்டாலே குரங்கு வரும். அர்ச்சனைத் தட்டைத் துணிப்பைக்குள்ள வச்சுக்கோங்க. குரங்கோட கண்ணை உத்துப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரிக்க வேண்டாம்னு குழந்தைங்ககிட்டச் சொல்லுங்க, அதுக்கு அது சண்டைக்குக் கூப்பிடுற மாதிரி. பறிக்க வந்தா இழுத்துப் பிடிக்காம விட்டுடுங்க. கடியோ கீறலோ பட்டா மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காம, ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ரேபிஸ் ஊசி பத்திக் கேளுங்க. கீழே இறங்கும்போது அழகர்கோவில் தோசைப் பிரசாதத்தை மறக்காதீங்க. அதையும் வண்டிக்குள்ள உட்கார்ந்து சாப்பிடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!