இருந்தாலும் ஆயிரம் பொன்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். யானையைப் பாராட்டுகிற பழமொழியாகத்தான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கொஞ்சம் யானையின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே விலை என்றால், அதைக் கொல்லாமல் விட்டுவைக்க என்ன காரணம் மிச்சமிருக்கிறது?

இந்தக் கணக்கை ஒரு நாடு நிஜமாகவே போட்டுப் பார்த்திருக்கிறது. யானையை வைத்து அல்ல, திமிங்கலத்தை வைத்து. நாடு, ஐஸ்லாந்து.

அதன் வடக்குக் கரையில் ஹூசவிக் என்று ஒரு சின்னத் துறைமுக ஊர். மொத்தமே இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். 1995-லிருந்து இங்கே திமிங்கலம் காட்டுவது ஒரு தொழில். பழைய ஓக் மர மீன்பிடிப் படகுகளைச் செப்பனிட்டு, டிக்கெட் போட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். சுமார் மூன்று மணி நேரப் பயணம். கோடையிலும் குளிர் எலும்பைத் துளைக்கும் என்பதால், தலையிலிருந்து கால்வரை மூடுகிற தடிமனான உடுப்பு ஒன்றையும் கொடுத்துவிடுவார்கள்.

படகின் மூக்குதான் பன்னிரண்டு மணி. 'மூன்று மணி!' என்று வழிகாட்டி கத்தினால் எல்லோரும் வலப்பக்கம் திரும்புவார்கள். புஸ்ஸென்று ஒரு மூச்சு. கரிய முதுகு. பிறகு ஹம்ப்பேக் திமிங்கலம் வாலைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போகும். அந்த வாலின் அடிப்பக்கத்தில் இருக்கும் வெள்ளை, கறுப்புத் திட்டுகள் நம் கைரேகை மாதிரி. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. அதை வைத்தே, 'இது போன வருஷமும் வந்த ஆசாமி' என்று சொல்லிவிடுகிறார்கள். வெண்மூக்கு டால்பின்கள் வந்துவிட்டால் படகில் குழந்தைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம் குதிப்பார்கள்.

ஒன்றுமே கண்ணில் படவில்லையா? பல நிறுவனங்கள் இன்னொரு நாள் இலவசமாக அழைத்துப்போகின்றன. நல்ல வியாபாரம்.

இதே ஐஸ்லாந்துதான் 2006-ல் வர்த்தகத் திமிங்கல வேட்டையை மறுபடி ஆரம்பித்தது. தலைநகர் ரெய்க்யாவிக்கின் பழைய துறைமுகத்தில், திமிங்கலம் காட்டும் படகுகளும் திமிங்கலம் கொல்லும் கப்பல்களும் கூப்பிடு தூரத்தில் நின்றன. காலையில் வாலைப் பார்த்துக் கைதட்டிய பயணி, 'வந்ததுதான் வந்தோம், ருசி பார்க்கலாமே' என்று ராத்திரி ஓட்டலில் அதன் இறைச்சியை ஆர்டர் செய்த கதையெல்லாம் உண்டு.

வேட்டையை எதிர்த்தவர்கள் சொன்ன வாதங்களில் ஒன்று, பி.காம். படித்த எனக்குச் சட்டென்று புரிந்தது. செத்த திமிங்கலத்தை ஒரு தடவைதான் விற்க முடியும். உயிரோடு இருக்கிற திமிங்கலத்தைத் தினம் தினம் விற்கலாம். முதலை வெட்டித் தின்னாதே, வட்டியில் பிழைத்துக்கொள். அவ்வளவுதான்.

சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்கார வாதம். பசியும் கடனும் உள்ள இடத்தில் கருணையைப் பற்றிப் பேசினால் எடுபடாது. வருமானத்தைக் காட்டினால் எடுபடும். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஐஸ்லாந்தில் வேட்டைக்காரர்கள் முக்கியமாகக் குறிவைத்தது ஃபின் திமிங்கலத்தை. உலகிலேயே இரண்டாவது பெரிய விலங்கு. வேகமாகப் போகும், வாலைத் தூக்கிக் காட்டுவது அபூர்வம். ஆகமொத்தம் வித்தை காட்டாத ஜீவன். டிக்கெட் கணக்கு, வித்தை காட்டுகிறவனைத்தான் நன்றாகக் காப்பாற்றும்.

இப்போது இரண்டு சம்பவங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள்.

2022-ல் 148 ஃபின் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. அவற்றில் 36-ஐ ஒரு தடவைக்கு மேல் வெடி ஈட்டியால் சுட வேண்டியிருந்தது என்று அரசின் கண்காணிப்பு அறிக்கையே சொன்னது. ஒரு திமிங்கலம் சாக இரண்டு மணி நேரம் ஆனது. 'விலங்கைக் கொல்வதானால் வதைக்காமல் கொல்ல வேண்டும் என்பது சட்டம்; இது அப்படியில்லை' என்று 2023 ஜூனில் துறை அமைச்சர் வேட்டையை நிறுத்திவைத்தார். எத்தனை நாளைக்கு? ஆகஸ்ட் முடியும்வரை. செப்டம்பரில் புதிய நிபந்தனைகளோடு கப்பல்கள் மறுபடி கிளம்பின. 24 திமிங்கலங்கள் செத்தன.

2025-ல் வேட்டையே நடக்கவில்லை. ஐந்து வருஷ அனுமதி கையில் இருந்தும் கப்பல்கள் போகவில்லை. இறைச்சியை வாங்கும் ஜப்பானில் விலை சரியில்லை என்றது நிறுவனம்.

வலி இரண்டு மாதம் நிறுத்தியது. விலை ஒரு பருவம் முழுக்க நிறுத்தியது.

'எதுவாக இருந்தால் என்ன சார், திமிங்கலம் பிழைத்ததா இல்லையா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த வருஷத்துத் திமிங்கலத்துக்கு நம் காரணம் எதற்கு? ஆனால் விலை நாளைக்கே ஏறும். சுற்றுலா வருகிறவர்களுக்கு அலுத்துப்போகலாம். அன்றைக்கு அந்தக் காரணம் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். வலி அப்படி இல்லை. மார்க்கெட் எப்படி இருந்தாலும் ஈட்டி பாய்ந்தால் வலிக்கும்.

அதனால் நான் டிக்கெட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. லாபம் கதவைக் காவல் காக்கட்டும். ஆனால் வீட்டுக்கு உள்ளே வேறொரு காரணமும் இருக்க வேண்டும். படகில் போய் ஒன்றையும் பார்க்காமல் திரும்பினீர்களே, அந்தத் திமிங்கலத்தை நினைத்துப் பாருங்கள். அது உங்களுக்கு ஒன்றும் தரவில்லை. எங்கேயோ ஆழத்தில் தன் பாட்டுக்கு இரை தேடிக்கொண்டிருந்தது. அதுவும் வாழ வேண்டும் என்று தோன்றுகிறதா? தோன்றினால் உங்களிடம் அந்த இரண்டாவது காரணம் இருக்கிறது.

நம் வீடுகளிலும் இந்தக் கணக்கு ஓடுகிறது. 'அம்மா கூட இருந்தா நல்லதுதாங்க, குழந்தையைப் பார்த்துப்பாங்க' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். அதில் தப்பில்லை. குழந்தை வளர்ந்து, அம்மாவால் எழுந்து நடமாட முடியாமல் போகிற நாளில் அந்த வாக்கியத்தை எப்படி முடிப்போம் என்பதை மட்டும் இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.