வாசலில் நிற்பவருக்குத் தெரிய வேண்டியது



எருசலேமில் வாடிய ஏழைகளுக்காகப் புனித பவுல் காணிக்கை திரட்டினார். கலாத்தியா, மக்கதோனியா, அக்காயா என்று சபை சபையாகப் பணம் சேர்ந்தது. சேர்ந்த பணத்தை மூட்டை கட்டிக் கடல் கடந்து கொண்டுபோக வேண்டிய காலம் அது. "நான் திருத்தூதர், என்னை நம்பிக் கொடுங்கள்" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 8ஆம் அதிகாரத்தை இன்று வீட்டில் எடுத்துப் படியுங்கள். தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரர்களை அனுப்புகிறார். அவர்களில் ஒருவர் சபைகளே தேர்ந்தெடுத்தவர். எதற்காக இத்தனை பேர் என்பதையும் வெளிப்படையாக எழுதுகிறார்: இவ்வளவு பெரிய தொகையைக் கையாளும்போது எவரும் குறைசொல்ல இடம் வைக்கக் கூடாது, கடவுள் முன் மட்டுமல்ல, மனிதர் முன்னும் நேர்மையாக நடக்க வேண்டும்.

அப்படியிருந்தும் பேச்சு எழுந்தது. தீத்து உங்களிடம் எதையாவது சுரண்டினாரா என்று அதே திருமுகத்தின் 12ஆம் அதிகாரத்தில் அவர் கேட்க வேண்டியதாயிற்று. அவரால் அப்படி நிமிர்ந்து கேட்க முடிந்ததே, அதைக் கவனியுங்கள்.

இப்போது நம் பங்குக்கு வருவோம். ரசீது புத்தகத்தோடு வெயிலில் வீடு வீடாகப் போகும் வின்சென்ட் தே பவுல் சபையினரையும் அன்பியப் பொறுப்பாளர்களையும் நினைத்துப் பாருங்கள். ஒரு வாசலில், "போன வருஷம் பிள்ளைங்க படிப்புக்குன்னு வாங்கினீங்களே அக்கா, யாருக்குக் கொடுத்தீங்க?" என்று கேட்கிறார்கள். அந்தச் சகோதரிக்குத் தெரியாது. "சாமியாருக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடக்கிறார். பணம் கொடுத்தவர் யாரை நம்பிக் கொடுத்தார்? பங்குப் பேரவையையா? தெருவில் தினமும் பார்க்கிற அந்த அக்காவின் முகத்தை நம்பித்தான்.

வரவு செலவுக் கணக்கை ஆண்டு முடிவில் ஒட்டிவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. யாரிடம் வாங்குவது, யாரிடம் வாங்கக் கூடாது, எதற்காகத் திரட்டுவது என்ற முடிவுகளும் ஊழியர்களுக்குத் தெரிய வேண்டும். குடியால் சிதைந்த வீடுகளுக்கு மாலை மாலையாகப் போய் ஆறுதல் சொல்லும் ஒரு சகோதரர், திருவிழா அழைப்பிதழை விரித்ததும் நன்கொடையாளர் பட்டியலில் பார் நடத்துகிறவரின் பெயரைப் பார்த்தால் அவர் மனம் என்ன பாடுபடும்? அந்தப் பணத்தை வாங்க முடிவெடுத்த இடத்தில் அவர் இருந்திருந்தால், அந்த வீடுகளின் நிலவரத்தைச் சொல்லியிருப்பார். கேட்க ஆளில்லை.

'வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாமே' என்று இயேசுவின் போதனையை இங்கே துணைக்கு அழைப்பவர்கள் உண்டு. ஆண்டவர் அதைக் கொடுப்பவருக்குச் சொன்னார். பிறர் பணத்தை வைத்திருப்பவர் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. உதவி பெறும் குடும்பத்தின் பெயரைக் காக்க வேண்டும், அது அவர்களின் மானம். முடிவுகளை மறைப்பது வேறு.

திருஅவைச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. ஒரு நோக்கத்துக்கென்று விசுவாசிகள் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம் என்கிறது 1267ஆம் எண். அவர்கள் தந்ததற்கு அவர்களிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 1287ஆம் எண். படிப்புக்கு வாங்கிய பணத்தில் மண்டபத்துக்கு ஓடு போட எந்த நிதிக்குழுவுக்கும் உரிமை இல்லை.

கேள்வி கேட்பவரைக் கலகக்காரர் என்று ஒதுக்குவதும் நம்மிடம் இருக்கிறது. திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தில், கிரேக்க மொழி பேசுவோர் தங்கள் கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் விடுபடுவதாக முறையிட்டார்கள். பன்னிருவரும் முழுச் சபையையும் கூட்டினார்கள். சபை தேர்ந்தெடுத்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். முணுமுணுத்தவர்கள் பக்கமே பந்திப் பொறுப்பு போனது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ஏழு பேரில் ஒருவரான ஸ்தேவான்தான் பிறகு இயேசுவுக்காக உயிரையே கொடுத்தார்.

கிறிஸ்து பிறப்பு உதவிக்கான ரசீது புத்தகங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டன. இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. வருகிற ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும், வசூலுக்குப் போகிற அனைவரும் நிதிக்குழுவோடு உட்காருங்கள். போன ஆண்டுக் கணக்கு மேசையில் இருக்கும். இந்த முறை எதற்காக, யாரிடம் கேட்பது என்பதை அங்கே சேர்ந்து முடிவு செய்வோம். வாசல்களில் உங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளை எழுதிக் கொண்டு வாருங்கள். புத்தகங்களை அதன் பிறகு கொடுக்கிறேன்.