கதவைத் தட்டும் அறம்

சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதத்து மாலை ஒன்றில், நோயுற்றுப் படுக்கையில் இருந்த மூதாட்டி ஒருவருக்கு நற்கருணை கொண்டு சென்றிருந்தேன். புதுவையின் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, திண்ணையும் மரத்தூண்களும் இன்னும் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளுள் ஒன்று அது. செபங்கள் முடிந்து, வீட்டார் காப்பி கலக்க உள்ளே சென்றனர். அந்த அம்மா என் கையைப் பற்றிக்கொண்டு, “சாமி, ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கிட்டிருக்கேன்” என்று தொடங்கினார். அந்நேரம் பார்த்து என் அங்கிப் பையிலிருந்த கைப்பேசி அதிர்ந்தது. ஒலி இல்லை; அதிர்வு மட்டுமே. நான் அதை எடுத்துப் பார்க்கவும் இல்லை. ஆயினும் என் கை என்னை அறியாமலே பையின் பக்கம் சென்று திரும்பியது. அவர் அதைக் கண்டார். “போங்க சாமி, யாருக்கோ அவசரம் போல. இன்னொரு நாள் சொல்றேன்” என்றார். நான் எவ்வளவோ வற்புறுத்தியும் அவர் வாய் திறக்கவில்லை. அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. பன்னிரண்டாம் நாள் அவரை அடக்கம் செய்தோம்.

தெருவுக்கு வந்து கைப்பேசியைப் பார்த்தேன். காலணிகளுக்குத் தள்ளுபடியாம், நள்ளிரவோடு முடிகிறதாம்.

நிகழ்ச்சி சிறியதுதான். இங்கே யாரும் பொய் சொல்லவில்லை, திருடவில்லை. கைப்பேசியை வண்டியிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாமே என்று வாசகர் கேட்டால், ஆம், அந்தக் குற்றம் என்னுடையது. ஆயினும் அன்று எங்கள் இருவரிடமிருந்தும் ஏதோ ஒன்று எடுத்துக்கொள்ளப்பட்டது என்னும் உணர்வு இன்றளவும் என்னை விட்டு அகலவில்லை. எடுக்கப்பட்டது எது? ஒருவர் தம் வேலையில், செபத்தில், உரையாடலில் ஆழ்ந்திருக்கும்போது அவரைத் தம் பக்கம் திரும்பச் செய்யும் உரிமை மற்றவருக்கு எப்போது உண்டு? கைப்பேசி அறிவிப்புகளை வடிவமைக்கும் பொறியாளர்கள் இதைத் தொழில்நுட்பச் சிக்கலாகக் கருதுகின்றனர். அது அறநெறிச் சிக்கலும்கூட என்பதே என் எண்ணம்.

குருமடத்தில் புனித தாமஸ் அக்குவினாஸின் ‘இறையியல் தொகுப்பை’ப் படித்த நாள்கள் நினைவுக்கு வருகின்றன. செபத்தைப் பற்றிய 83-ஆம் வினாவில், செபத்திற்குக் கவனம் இன்றியமையாததா என்று அவர் ஆராய்கிறார். வேண்டுமென்றே மனத்தை அலையவிடுவது பாவம் என்கிறார். விரும்பாமலே மனம் அலைந்தால் செபத்தின் பேறு அழிந்துவிடாது; தொடக்கத்தில் கொண்ட நல்லெண்ணமே அதைக் காக்கும் என்கிறார். ஆனால் செபம் தரும் மூன்றாவது பயன் ஒன்று உண்டு. அது ஆன்மாவுக்குக் கிடைக்கும் ஊட்டம். அது மட்டும் கவனமின்றிக் கிட்டாது என்று அவர் தெளிவாகக் கூறிவிடுகிறார். மாணவர்களாகிய எங்களுக்கு அன்று இது பெரும் ஆறுதலாக இருந்தது. காலைத் தியானத்தில் தூங்கி வழிந்தவர்கள் நாங்கள்.

இப்போது வேறொரு கேள்வி எழுகிறது. விரும்பாமல் அலைந்த மனத்தின்மேல் குற்றமில்லை என்றால், அதை அலையச் செய்தவரின் நிலை என்ன? மனம் தானே அலைவது ஒன்று. அலையச் செய்வதையே தொழிலாகக் கொண்டவர் இருப்பது வேறொன்று. ஒருவர் தம் கவனத்தை எதன்பால் செலுத்துகிறாரோ, அந்த நேரத்தில் தம்மையே அதற்குக் கொடுக்கிறார். அந்தக் கொடையைக் கேளாமலே பறிப்பது நீதிக்கு மாறானதல்லவா? அயலாருடைய பொருளுக்கு ஆசைப்படாதே என்னும் கட்டளையில் அயலாருடைய கவனத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அழைப்பு எல்லாமே தீது என்று நான் சொல்ல வரவில்லை. திருச்சபை நூற்றாண்டுக் கணக்காக மணி அடித்து மக்களை அழைத்து வந்திருக்கிறது. மணியோசை கேட்டவுடன் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத் திருப்புகழ் வழிபாட்டுக்கு விரைய வேண்டும் என்று புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு விதித்தார். எங்கள் குருமடத்திலும், மணி அடித்தால் பாதி எழுதிய எழுத்தைக்கூட முடிக்காமல் எழ வேண்டும் என்பார்கள். ஆனால் அந்த மணிக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. மூவேளை செபத்துக்கு மும்மூன்றாக அடிப்பது வேறு. திருப்பலிக்கு முதல் மணி, இரண்டாம் மணி வேறு. இறந்தவருக்காக நின்று நின்று ஒலிக்கும் துக்க மணி வேறு. சம்பா கோயில் மணியோசையைக் கேட்டே, கடைத்தெருவில் நிற்பவர் எழுந்து போக வேண்டுமா, நின்ற இடத்தில் ஒரு செபம் சொன்னால் போதுமா என்று அறிந்துகொள்வார். பெரிய வியாழனன்று வானவர் கீதத்தோடு மணிகள் ஓய்ந்து, பாஸ்கா திருவிழிப்பு வரை மரத்தட்டையே ஒலிக்கும். அந்த மௌனமும் ஓர் அறிவிப்பாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மணி அடித்த உபதேசியாரும் அதே மணிக்குக் கட்டுப்பட்டவர். பிறரைக் கோயிலுக்கு அழைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. காலணித் தள்ளுபடியை எனக்கு அறிவித்தவரோ, யாருடைய படுக்கையருகே நான் அமர்ந்திருந்தேன் என்பதை அறியவும் விரும்பாதவர்.

இதைப் பற்றி அறிவியலாளர்கள் சிந்திக்காமல் இல்லை. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய மார்க் வைசர், ஜான் சீலி பிரவுன் என்னும் இருவர் 1995-இல் ‘அமைதியான தொழில்நுட்பம்’ என்னும் கருத்தை முன்வைத்தனர். கருவிகள் நம் கவனத்தின் நடுவே வந்து நிற்காமல் அதன் ஓரத்தில் இருக்க வேண்டும். தேவை வரும்போது மட்டும் நடுவுக்கு வந்து, பின் ஓரத்துக்கே திரும்ப வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அந்த மையத்தில் நடாலி ஜெரமிஜென்கோ என்னும் கலைஞர் கூரையிலிருந்து எட்டடி நீள நெகிழிக் கயிறு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். அது கணினி வலையமைப்பின் கம்பியோடு இணைந்த சிறிய மோட்டாரில் கட்டப்பட்டிருந்தது. தகவல் போக்குவரத்து மிகுந்தால் கயிறு சுழலும். குறைந்தால் எப்போதாவது துடிக்கும். யாரும் அதை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. கடந்து போகிறவர் கண்ணின் ஓரத்தில் அது பட்டாலே போதும்.

நம் தாய்மார்களுக்கு இது புதிதன்று. குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கூடத்தில் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே, மூன்றாவது விசில் கேட்டதும் எழுந்து போகிறவர்கள் அவர்கள். முதல் இரண்டு விசிலையும் அவர்கள் கேட்டதாகவே தோன்றாது.

ஆயினும் அமைதி ஒன்றே அறமாகிவிடுமா? இங்கேதான் நம் புதுவைக் கடற்கரை எனக்குப் பாடம் சொல்கிறது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் புதுவைச் சிற்றூர்களில் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது. மீனவர் ஊராகிய வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலைகளின் உயரம் பற்றிய முன்னறிவிப்பைப் பெற்று, தமிழில் ஒலிபெருக்கி வழியாகக் கரையெங்கும் அறிவித்தனர். ஒலிபெருக்கி என்றால் நமக்குச் சலிப்பு. திருமணம், தேர்தல், திருவிழா என்று காதைத் துளைப்பது அது (நம் கோயில் திருவிழாக்களையும் சேர்த்தே சொல்கிறேன்). ஆனால் கடலுக்குப் போகலாமா கூடாதா என்று தவித்து நிற்கும் மனிதருக்கு அந்தக் குரல் தொல்லையாக இருந்திருக்க முடியாது.

அதே திட்டத்தின் மையம் ஒன்று நல்லவாடு கிராமத்திலும் இருந்தது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலை பற்றி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் தகவல் மையத்தின் கதவை உடைத்து உள்ளே சென்று, ஒலிபெருக்கியில் அறிவித்துச் சங்கொலி எழுப்பினர். 3,000-க்கும் மேற்பட்ட மக்கள் மேட்டை நோக்கி ஓடினர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. அவ்வூரில் உயிர்கள் தப்பின. தமிழகத்திலும் புதுவையிலும் ஆயிரக்கணக்கானோரைக் கடல் கொண்டுபோன அதே காலையில் இது நடந்தது.

அந்த ஒலிபெருக்கியை மக்கள் ஏன் நம்பினார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நாள்தோறும் அலையையும் காற்றையும் பற்றி, அவர்கள் உயிருக்கும் பிழைப்புக்கும் வேண்டியதையே பேசிப் பழகிய குரல் அது. விளையாட்டுக்குப் ‘புலி வருகிறது’ என்று கத்திய ஆட்டுக்காரச் சிறுவனின் கதையை நாம் அறிவோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவையருகே கரையைக் கடந்து, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியபோது, என் கைப்பேசியில் வானிலை எச்சரிக்கை ஒன்றுக்கு மேலும் கீழும் பண்டிகைச் சலுகை விளம்பரங்கள் கிடந்தன. மூன்றுக்கும் ஒரே ‘டிங்’ ஒலிதான். புலி வரும்போதும் வராதபோதும் ஒரே குரலில் கத்தும் சிறுவனை அல்லவா நாம் பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம்!

ஆகவே நான் கேட்பது ஒலியின் அளவைப் பற்றியதன்று. இந்த அழைப்பு யாருடைய நன்மைக்காக? அழைக்கப்படுபவரின் நன்மைக்கென்றால் கதவை உடைத்தும் அழைக்கலாம், நல்லவாட்டில் செய்ததுபோல. அழைப்பவரின் இலாபத்துக்கென்றால், மெல்லிய அதிர்வும் அத்துமீறலே. என் பையில் நேர்ந்தது ஓர் ‘அமைதியான’ அறிவிப்புத்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நிறுவனங்களும் ஓரளவு விழித்துக்கொண்டுள்ளன. 2017-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டின் எட்டாம் பதிப்பில், ஒரே செயலியின் அறிவிப்புகளை வகை வகையாகப் பிரித்து, எது ஒலிக்கலாம், எது ஓசையின்றி வந்து கிடக்கலாம் என்று பயனாளரே முடிவு செய்ய வழி வந்தது. 2021-இல் ஆப்பிள் நிறுவனம், அவசரமற்றவற்றைச் சேர்த்துவைத்து, நாம் குறித்த நேரத்தில் ஒரு தொகுப்பாகத் தரும் முறையைக் கொணர்ந்தது. 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு பதின்மூன்றில், புதிதாக நிறுவப்படும் செயலி நம் அனுமதி பெற்றே அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றாயிற்று. இவை நல்லவையே. ஆனால் தம் செய்தி அவசரமா இல்லையா என்பதைப் பெரும்பாலும் அனுப்புபவரே சொல்கிறார். அவருடைய பிழைப்போ நாம் திரும்பிப் பார்ப்பதில் இருக்கிறது. தம் வழக்கில் தாமே நீதிபதியாக அமர்ந்திருக்கும் ஒருவரிடம் நியாயம் எதிர்பார்ப்பது அவருக்கும் நல்லதன்று.

அந்த மூதாட்டியின் அடக்கத்துக்குப் பின் எனக்குக் கோபம் வந்தது. கைப்பேசியை இரவு பகலாக மௌனத்தில் வைத்தேன். பார்க்க வேண்டியபோது நானே எடுத்துப் பார்ப்பேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். இரண்டு மாதம் மிக அமைதியாகக் கழிந்தது. பின்னர் ஓர் அதிகாலை எழுந்து பார்த்தபோது, பின்னிரவு 2 மணிக்குமேல் ஒரே எண்ணிலிருந்து நான்கு அழைப்புகள் வந்திருந்தன. மகன், தன் தந்தைக்கு நோயில்பூசுதல் கேட்டு அழைத்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குடும்பம் என்னை ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. “தூங்கியிருப்பீங்க ஃபாதர்” என்றார் மகன். இறைவனின் இரக்கம் ஒரு கைப்பேசியில் அடங்கிக் கிடப்பதில்லை என்பது இறையியல். அதை நான் அறிவேன். அந்த வீட்டு வாசலில் அது எனக்கு உதவவில்லை.

எவரும் என்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதும் ஒருவகைத் தன்னலமே என்று அன்று உணர்ந்தேன். என்னை அழைக்க உரிமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கதவை அடைப்பதால் விற்பவனுக்குப் பாடம் கற்பித்ததாக ஆகாது.

சென்னையில் கணினித் துறையில் பணியாற்றும் எங்கள் பங்கு இளைஞர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது இதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே என் கைப்பேசியை வாங்கி, அமைப்புகளுக்குள் சென்று ஒரு வரியைக் காட்டினார். ‘தொந்தரவு செய்யாதே’ என்று வைத்திருந்தாலும், ஒரே எண்ணிலிருந்து சிறிது நேரத்துக்குள் இரண்டாம் முறை அழைப்பு வந்தால் மட்டும் மணி அடிக்கச் செய்யலாம். ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள், ஆப்பிளில் 3 நிமிடத்துக்குள். இதை எண்ணிய பொறியாளர் யாரென்று எனக்குத் தெரியாது. மனிதர் மனத்தை அவர் அறிந்திருக்கிறார். உண்மையில் தேவை உள்ளவர் ஒருமுறை தட்டிவிட்டுத் திரும்பிப் போவதில்லை. சிறுவன் சாமுவேலையும் ஆண்டவர் ஒரே முறை அழைத்துவிட்டு விடவில்லை. முதல் முறை அவன் ஏலியிடமல்லவா ஓடினான்.

மறு ஞாயிறு திருப்பலி முடிவில் அறிவித்தேன், குருமனை வாசலிலும் எழுதி ஒட்டினேன்: “இரவில் அவசரம் என்றால் இருமுறை அழையுங்கள்.” அன்றிலிருந்து இரவில் அந்த இரண்டாம் மணி ஐந்து முறை அடித்திருக்கிறது. நான்கு முறை நோயாளிகளுக்காக. ஐந்தாவது, தனியே வாழும் ஒரு தாய். பிரான்சில் இருக்கும் மகன் அன்று பேசவில்லை, தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான் சாமி என்றார். விதிப்படி அது அவசரமா என்று எனக்குத் தெரியவில்லை. விளக்கைப் போட்டு, நாற்காலியை இழுத்து அமர்ந்துகொண்டேன்.