பிறப்பில் தேடப்படும் துயரம்

‘எல்லாம் பொறப்புலயே வந்தது’ என்று யாராவது சொன்னாலே நமக்கு உடம்பு எரியும். பிறப்பைச் சொல்லித்தானே ஊரும் சேரியும் பிரிக்கப்பட்டன. பெண்களின் கடும் மனச்சோர்வுக்கு மரபணுவில் காரணம் தேடுகிறார்கள் என்றதும் நாம் சந்தேகப்படுவது நியாயமே. ஆனால் சந்தேகம் வேறு, மறுப்பு வேறு.

2015இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வை எடுத்துக்கொள்வோம. சீனாவில் மீண்டும் மீண்டும் மனச்சோர்வுக்கு ஆளான 5,303 ஹான் பெண்களையும், அந்நோய் இல்லாத 5,337 பெண்களையும் ஒப்பிட்டார்கள். ஏன் பெண்கள் மட்டும்? இந்நோய் எல்லாருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் காரணங்கள் ஓரளவு வேறுபடலாம். கலப்பைக் குறைத்தால்தான் சின்னத் தடயமாவது கண்ணில் படும். கிடைத்தது பத்தாவது குரோமோசோமில் இரண்டு இடங்கள். இரண்டின் பாதிப்பும் கொஞ்சம்தான். ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுகளோடு ஒப்பிட்டபோது அவை உறுதிப்படவில்லை.

இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து 2000இல் சொல்லப்பட்ட கணக்கு, மனச்சோர்வில் மரபின் பங்கு சுமார் 37 சதவீதம் என்பது. ஒருத்தியின் துயரத்தில் 37 பங்கு ரத்தத்திலிருந்து வந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு மக்கள் கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு அது. வாழ்நிலை மாறினால் கணக்கும் மாறும்.

1978இல் ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிசும் லண்டனின் கேம்பர்வெல் பெண்களைப் பற்றி எழுதினார்கள். மனம்விட்டுப் பேச ஆளில்லை, வீட்டில் மூன்றுக்குக் குறையாத சின்னப் பிள்ளைகள், வெளியே வேலையில்லை, 11 வயதுக்குள் தாயை இழந்தது. இந்த நிலையிலிருந்த பெண்கள்தான் அடி விழுந்தபோது எளிதில் நொறுங்கினார்கள். இதெல்லாம் எந்தக் குரோமோசோமில் இருக்கு?

அப்படியானால் மரபணு ஆய்வே வேண்டாமா? வேண்டும். எழுந்திருக்க முடியாமல் கிடப்பவளை ‘திமிரு’, ‘பேய் புடிச்சிருக்கு’ என்று வீடே ஏசுகிறபோது, ‘இது அவ குத்தமில்ல’ என்று அறிவியல் சொல்வது பெரிய காரியம். சாதியின் ‘பிறப்பு’ மனுசியை முழுசா முடிவு கட்டி, மேல் கீழ் என்று அடுக்குகிறது. மரபணு சொல்வதோ வெறும் வாய்ப்பு. அதில் உயர்வு தாழ்வு கிடையாது. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது நமக்கு நாமே செய்துகொள்ளும் கேடு.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அவள் குற்றமில்லை என்பதை யார் குற்றமும் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். மெலிந்த எலும்புக்காரியை அடித்து ஒடித்தவன், ‘அவ எலும்பு மெலிசுங்க’ என்று தப்பிக்க முடியுமா? எளிதில் நொறுங்கக்கூடியவள் என்று தெரிந்தபின் அடிப்பவனின் குற்றம் கூடத்தானே செய்யும்?

ஆகவே ரத்த மாதிரி எடுப்பவர்களிடம் நாம் கேட்க வேண்டியது இது: அவளுடைய ரத்தத்தோடு அவள் கூலியையும், அவள் வாங்கிய அடியையும், அவளிடம் பேச ஆளுண்டா என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்வீர்களா?