மட்டையில் ஆறு இடம்

வாவிப் பக்கமிருந்து வெளிச்சம் வருகிறது. வகுப்பறைச் சீமெந்துத் தரை இன்னும் குளிர்கிறது.

பாடக்குறிப்புக் கொப்பி திறந்தபடி. தமிழ், கணிதம், சுற்றாடல், அழகியல். நான்கு நிரல்கள், நடுவில் சிவப்புக் கோடுகள்.

ஒரு மட்டை. அதில் ஒட்டிய புளியங்கொட்டைகள். இரண்டு நிரல், மும்மூன்றாக ஆறு இடம். பிரெயில் எழுத்துக்கு அவ்வளவு போதும். அ-வுக்கு ஒரே ஒரு கொட்டை, இடப்பக்கம், மேலே. ப-வுக்கு நான்கு.

விரல் நகர்கிறது. நிற்கிறது. திரும்பி வருகிறது.

பார்வையுள்ள ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு அதே மட்டையைத் தடவுகிறாள். அவளுக்கு நேரம் எடுக்கிறது. எடுக்கட்டும்.

இது தமிழா, கணிதமா? மணி இன்னும் அடிக்கவில்லை.

இன்னொருவன் மட்டையைத் தொடவேயில்லை. மிஞ்சிய கொட்டைகளை யன்னலோரம் அடுக்குகிறான். பெரியது, சிறியது. பெரியது, சிறியது. யாரும் குழப்பவில்லை. எண்கோலம் அடுத்த தவணைப் பாடம்.

ஐந்து என்றால் பழுகாமத்துப் பிள்ளைகளுக்குப் பாண்டவர். அவ்வூர்த் திரௌபதை அம்மன் கோயில் தந்த கணக்கு. தருமரில் தொடங்கி விரல் மடக்குகிறார்கள். சகாதேவனில் கை மூடுகிறது.

1912. இரத்மலானையில் இன்றும் இருக்கிற, செவிப்புலனும் விழிப்புலனும் அற்றோருக்கான பாடசாலை தொடங்குகிறது. 1994. ஸ்பெயினின் சலமன்காவில் 92 அரசுகள் கூடி, எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாடசாலையில் என்கின்றன. 2016. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்துகிறது.

விசேட கல்வி அலகு. எத்தனையோ பாடசாலைகளில் அது கட்டடத்தின் கடைசி அறை. ஏன் கடைசி என்று ஓரத்தில் எழுதுகிறேன். வெட்டவில்லை.

மூச்சு. வெளியே காகம்.

வசந்தன் கூத்துக்கான கோல்கள் வந்திருக்கின்றன. அண்ணாவியார் தரையில் அமர்ந்து மத்தளத்தை மடியில் வைத்துக்கொள்கிறார்.

வசந்தனுக்குச் சோடி வேண்டும். ஒன்பது பேர் நிற்கிறார்கள். இரண்டு இரண்டாகப் பிரிகிறார்கள், ஒருவன் மீதி. அவன் கைக்குச் சல்லரி போகிறது. முகம் மலர்கிறது.

காது கேளாதவள் மத்தளத்தின் மரத்தில் உள்ளங்கையை வைத்திருக்கிறாள். வெகுநேரம். பிறகு எழுந்து வட்டத்துக்குள் போகிறாள். கோலும் கோலும் முட்டுகின்றன. அதிர்வு அவள் முழங்கை வரை ஏறுவது தெரிகிறது.

ஓர் அடி பிந்துகிறாள். எதிரே நிற்பவள் கோலை உயர்த்தியபடி காத்திருக்கிறாள். மத்தளம் ஒரு காலம் இறங்குகிறது.

வட்டம் சுற்றுகிறது.

பிற்பகல். வெக்கை. மதிப்பீட்டுத் தாள். யன்னலோரத்து வரிசைக்கு அதில் இடமில்லை. புதிதாக ஒரு நிரல் கீற மனம் வருகிறது. போகிறது. மறுபடி வருகிறது.

கொப்பியின் நான்கு நிரல்களுக்கும் குறுக்கே ஒரே சொல் எழுதுகிறேன்: நெல்.

வட்டையில் வேளாண்மை முற்றி நிற்கிறது. கதிரை உருவலாம். முகரலாம். ஒரு கதிரில் எத்தனை மணி என்று எண்ணலாம். உமியை ஊதிவிடலாம். அதைச் சொல்லலாம், கீறலாம், சும்மாவும் இருக்கலாம்.

வரம்பு ஓரடி அகலம். சக்கர நாற்காலி போகாது.

உழவு இயந்திரம் வாய்க்கால் கட்டு வரை போகும். சக்கர நாற்காலியில் இருப்பவனைப் பெட்டியில் ஏற்றலாம். அப்படியென்றால் எல்லாரும் பெட்டியில்தான்.

கட்டு காய்ந்துவிட்டதா என்று வட்டைப் பக்கம் போகிறவர்களிடம் கேட்க வேண்டும்.